குளிருக்கு வரும் விருந்தாளிகள்

 

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறு வாரம், நம் கூட்டமைப்பிலிருந்து ஒரு வேன் பிடித்து வேதாரண்யம் பக்கம் களப்பயணம் போயிருந்தோம். உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்களின் குழுக்களைச் சந்தித்துப் பேசுவதுதான் பயணத்தின் நோக்கம். பறவை பார்ப்பது எங்கள் திட்டத்திலேயே கிடையாது. ஆனால் ஊர் திரும்பும்போது வேனில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தது பறவையைப் பற்றித்தான்.

நடந்தது இதுதான். கோடியக்கரைக்குப் போகும் வழியில் தண்ணீர் தேங்கிய சதுப்பைப் பார்த்து வேனை நிறுத்தினோம். சேற்றில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களோடு வந்த தங்கை ஒருத்தி கைபேசியைத் தூக்கிக்கொண்டு வரப்பு மேலேயே ஓடினாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பிப் போய்விட்டது. அவள் எடுத்த படத்தில் வானமும் நாலைந்து கறுப்புப் புள்ளியும்தான் இருந்தன.

பக்கத்துப் பாத்தியில் சேறு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஓடாதம்மா. அது பசியில மேஞ்சிக்கிட்டு இருக்கு. செத்த அங்கயே உக்காரு, அதுவா வரும்" என்றார்.

உட்கார்ந்தோம். கால் மணி நேரம் இருக்கும். போன பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றி, எங்களுக்கு இருபது முப்பது அடி தூரத்திலேயே வந்து இறங்கின. "இப்ப எடு" என்று அந்த அக்கா சிரித்தார். பிறகு கொஞ்சம் வருத்தமாக இன்னொன்றும் சொன்னார். "படம் புடிக்க வர்றவங்க வரப்புல ஏறி ஓடுறாங்க. மழையில ஊறிக் கெடக்குற வரப்பு, மிதிச்சா சரிஞ்சிடுது. மறுநாள் நாங்கதான் கட்டணும். அதுக்கு யாரு கூலி குடுப்பா?"

அன்று அந்த அக்கா சொன்ன நாலு வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரையில் விவரமாகப் பார்க்கப் போகிறோம்.

எங்கே, எப்போது?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது கோடியக்கரை. வடக்கே இருந்து நேராக இறங்கி வரும் நம் கடற்கரை இந்த இடத்தில்தான் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. உள்ளே சதுப்பும், உப்பளமும், காடும் இருக்கின்றன. 1930-ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்ததும் இந்த வேதாரண்யம் கரையில்தான்.

1967-ல் இங்கே வனஉயிரின சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற 'ராம்சார்' பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்த இடம் இதுதான். பரப்பளவு 38,500 எக்டேர்.

வெளிநாட்டுப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். கார்த்திகை முதல் மாசி வரை பார்ப்பதற்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பிவிட்டுப் போயிருக்கும். மழை விட்டுத் தண்ணீர் மெல்ல வடிய வடிய, புதுச் சேறு வெளியே தெரியும். அந்தச் சேறுதான் அவற்றுக்குச் சோற்றுப் பானை.

கோடியக்கரை தூரம் என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு, திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை, ராமநாதபுரம் மாவட்டத்தில் தனுஷ்கோடி என்று நம் கரையில் பல இடங்களுக்கு இவை வருகின்றன. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு தூரம் ஏன் வருகின்றன?

"அங்கே குளிர் தாங்காமல் வருது" என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மைதான். குளிரைவிடப் பெரிய பிரச்சினை சாப்பாடு. ரஷ்யாவின் வடகோடியில், சைபீரியா பக்கம் குளிர்காலம் வந்துவிட்டால் சேறும் குளமும் கல்லாக உறைந்துபோகும். சேற்றுக்குள் அலகை விட்டுப் புழு பிடிக்கும் பறவைக்கு அங்கே பிழைப்பு ஏது?

அப்படியானால் இங்கேயே தங்கிவிட வேண்டியதுதானே? அதற்கும் காரணம் இருக்கிறது. அங்கே கோடைக் காலத்தில் சூரியன் மறைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நீண்ட பகல். கொசுவும் பூச்சியும் மொய்க்கும். குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிட வசதியான இடம் இல்லை. நம் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் வேலை தேடி ஊர் ஊராகப் போகிற குடும்பங்களைப் போலத்தான் இதுவும். இதை 'வலசை' என்று சொல்கிறோம்.

கொசு உள்ளான் என்று ஒரு பறவை இருக்கிறது. சிட்டுக்குருவி அளவுதான். எடை 20 முதல் 30 கிராம், ஏறக்குறைய நாலு ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம். அது வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் பிறந்து, சுமார் 7,000 கிலோமீட்டர் பறந்து நம் உப்பளத்துக்கு வருகிறது. பல உள்ளான் இனங்களில் தாய் தகப்பன் முன்னாலேயே கிளம்பிவிடும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் கூட்டிப் போக ஆள் இல்லாமல் தாங்களாகவே பின்னால் வந்து சேரும்.

2022 அக்டோபரில் நடந்த ஒன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிறந்து 5 மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் பறவை அமெரிக்காவின் அலாஸ்காவில் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. 11 நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. அதன் உடம்பில் கட்டியிருந்த சிறு கருவி மூலம் இது தெரிந்தது. இதே இனத்தைச் சேர்ந்த சில பறவைகள் நம் கரைக்கும் வருகின்றன.

பறவையின் சேமிப்புக் கணக்கு

பறக்கும்போது சாப்பிட முடியாது. அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் இவை இடைவிடாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கும். நீண்ட தூரம் போகும் சில இனங்கள் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொண்டுதான் கிளம்பும்.

நமக்கு இது புரிவதில் சிரமம் இல்லை. நாம் வாரா வாரம் சேமிக்கிறோம். ஒரு வாரம் விட்டால் கணக்கில் தெரியும். பறவைக்கும் அதே கதைதான். நிம்மதியாக மேய்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு ஒரு தவணைச் சேமிப்பு. நாம் ஓடிப் போய் எழுப்பிவிட்டால் இரண்டு வகையில் நஷ்டம். மேய்ச்சல் நேரம் போச்சு. பறந்ததில் சேர்த்த கொழுப்பும் கொஞ்சம் கரைஞ்சு போச்சு.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. விடுமுறை நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்து வண்டி வந்து, ஒவ்வொருவரும் ஒரு தடவை எழுப்பினால்? கணக்கில் கையிருப்பு குறைவாக உள்ள பறவை பங்குனியில் கிளம்பும். வழியில் பலம் தீர்ந்தால் இறங்க இடம் கிடைக்காமல் போகலாம். போய்ச் சேர்ந்தாலும் முட்டையிடும் தெம்பு இருக்காது. நம் கண் முன்னால் அது சாகாததால் அந்த நஷ்டம் நமக்குத் தெரிவதே இல்லை.

தூரதேசத்திலிருந்து வரும் கரைப் பறவைகள் நாடு முழுவதும் குறைந்து வருவதாக 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை சொல்கிறது. ஈரநிலம் சுருங்குவது, நல்ல தண்ணீர் வரத்துக் குறைவது, வேட்டை என்று காரணம் பல. அதில் நம் கையில் இருப்பது எது என்று பார்த்தால், தொந்தரவும் வேட்டையும்தான்.

யார் யார் என்று தெரிந்துகொள்வோம்

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று முதலில் தோன்றும். அலகையும் காலையும் பாருங்கள், பாதி தெரிந்துவிடும்.

பூநாரை: நெட்டைக் கால், நீண்ட கழுத்து, வெள்ளை உடம்பில் இளஞ்சிவப்பு. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்னும். தின்கிற பாசியிலும் சிறு உயிரிகளிலும் உள்ள சத்துதான் அந்தச் சிவப்பு. குஞ்சுகள் சாம்பல் நிறமாக இருக்கும். இது சைபீரியாப் பறவை அல்ல. நம் நாட்டிலேயே குஜராத்தின் கட்ச் உப்பு நிலத்தில் முட்டையிடுகிறது.

உள்ளான்: கூட்டமாக வரும் சிறு பறவைகள். சேற்றைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டே நகரும். பங்குனி வாக்கில் சிலவற்றின் உடம்பு செங்கல் நிறமாக மாறும். ஊருக்குக் கிளம்பப் போகிறது என்று அர்த்தம்.

உப்புக்கொத்தி: குட்டை அலகு, பெரிய கண். நின்று பார்க்கும், கிடுகிடுவென்று ஓடும், கொத்தும், மறுபடி நிற்கும்.

பவளக்காலி: கால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆள் வருவதைக் கண்டால் முதலில் குரல் கொடுப்பது இதுதான். கூட்டத்துக்கே காவல்காரன்.

கோட்டான்: ஆந்தையைச் சொல்கிற கோட்டான் வேறு, இது வேறு. அரைச் சாண் நீளத்தில் கீழே வளைந்த அலகு. நண்டு வளைக்குள் அலகை விட்டு நண்டை இழுத்துவிடும்.

ஆலா: கடல் மேல் பறந்து வந்து, தலைகுப்புற விழுந்து மீன் பிடிக்கும்.

விராலடிப்பான்: மீனைக் காலால் கவ்வித் தூக்கும் பெரிய பறவை. பெயரிலேயே தொழில் இருக்கிறது.

ஒரே சேற்றில் இத்தனை வகையும் சண்டையில்லாமல் எப்படி மேய்கின்றன? அலகின் நீளம்தான் காரணம். குட்டை அலகு மேலாக உள்ளதைத் தின்னும், நீண்ட அலகு ஆழத்தில் உள்ளதைத் தின்னும். அவரவர் பங்கு அவரவர்க்கு.

பார்ப்பது எப்படி?

- காலை வெயில் ஏறுவதற்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் போங்கள்.
- பளிச்சென்ற நிறம் வேண்டாம். மண் நிறம், பச்சை நிறப் புடவையோ சுடிதாரோ போதும்.
- நேராகப் பறவையை நோக்கி நடக்காதீர்கள். சாய்வாக, நின்று நின்று போங்கள்.
- மேய்கிற பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால், அது உங்களைக் கவனிக்கிறது. அங்கேயே நில்லுங்கள். பல பறவைகள் சேர்ந்து தலை தூக்கினால் இரண்டடி பின்னால் வாருங்கள்.
- குழுவாகப் போனால் பேச்சைக் குறையுங்கள். (நமக்குக் கஷ்டம்தான், முயற்சி செய்வோம்!)
- உப்பள வரப்பில் ஏறாதீர்கள். அது ஒருத்தியின் உழைப்பு.
- சரணாலயத்துக்குள் போக வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. கூட்டமைப்புக்கு ஒன்று இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

படம் எடுப்பது எப்படி?

பெரிய லென்ஸ் வைத்த கேமரா விலை அதிகம். அது இல்லாமலும் எடுக்கலாம். கைபேசியின் கேமராவைப் பைனாகுலரின் ஒரு கண்ணில் ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். கை ஆடாமல் இருக்க முழங்காலில் முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் படம் சரியாக வராது. பதினோராவது வரும்.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். உட்கார்ந்து, பறவையின் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். அலகு, கால், முதுகு மூன்றும் தெரிகிற மாதிரி எடுத்தால் பெயர் கண்டுபிடிக்கலாம். அழகான படத்தைவிட அடையாளம் தெரியும் படம் மேல்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பறக்கிற படம் வேண்டும் என்று கல் எறிவது, கை தட்டுவது, ஹாரன் அடிப்பது வேண்டாம். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம். பறக்கும் கேமராவான டிரோனை விடுவது வேண்டவே வேண்டாம், பறவைக்கு அது பருந்து மாதிரி. கோடையில் ஆள்காட்டி போன்ற நம் ஊர்ப் பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடும். அந்த முட்டைப் பக்கம் போகவே கூடாது.

நம் படம் எதற்கு உதவும்?

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சில பறவையின் காலில் உலோக வளையமோ, சின்ன நிறக் கொடியோ தெரியும். அது விளையாட்டுக்குப் போட்டதல்ல. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1980களில் பல ஆண்டுகள் கோடியக்கரையில் இருந்து, பறவைகளைப் பிடித்து, வளையம் போட்டு, உயிரோடு விட்டார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி முன்னின்று வளர்த்த வேலை இது. ஒவ்வொரு வளையத்திலும் தனி எண் உண்டு, நம் ஆதார் எண் மாதிரி. அந்த எண்ணை வேறு நாட்டில் யாராவது பார்த்துச் சொன்னால், பறவை போன பாதை தெரியும். நீங்கள் எடுத்த படத்தில் எண்ணோ கொடியின் நிறமோ தெரிந்தால், தேதி, இடம் எழுதி வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

வளையம் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை உதவும். 2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று எண்ணி, 'ஈபேர்ட்' என்ற இலவசச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். பிளஸ் டூ படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சுலபமாகச் செய்துவிடுவார்கள். தீர்மான நோட்டில் எழுதுகிற நமக்குப் பதிவேட்டின் அருமை தெரியும். எழுதி வைக்காத கணக்கு யாருக்கும் உதவாது. ஒரு சதுப்பை மூடிக் கட்டடம் கட்ட வருகிறவரிடம், "இங்கே இத்தனை பறவை வருகிறது" என்று காட்டப் பதிவு வேண்டும்.

கறி என்று வந்தால்?

இதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். சில இடங்களில் வலை கட்டியும், மருந்து வைத்தும் உள்ளான், கொக்கு, வாத்து பிடித்து விற்கிறார்கள். விலை மலிவு, மருத்துவக் குணம் உண்டு என்று சொல்லி வீட்டு வாசலுக்கே கொண்டு வருவார்கள். மருந்து வைத்துப் பிடித்த பறவையின் உடம்பில் உள்ள விஷம் நம் பிள்ளையின் தட்டுக்குத்தான் வரும். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. வாங்கி வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். வீட்டுச் சமையலை முடிவு செய்வது பெரும்பாலும் நாம்தான். நாம் "வேண்டாம்" என்றால் வலை கட்டுகிறவருக்கு வியாபாரம் இல்லை.

ஊர் சேர்ந்தால் நடக்காதது இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாகாலாந்தில் 2012-ல் அமூர் வல்லூறு என்ற வலசைப் பறவையை ஆயிரக்கணக்கில் வலையில் பிடித்த ஊர்கள், அடுத்த ஆண்டே ஊர்க்கட்டுப்பாடு போட்டு நிறுத்திவிட்டன.

"நமக்கு இதில் என்ன?"

வேனில் ஒரு சகோதரி இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பறவை மேயும் சதுப்புதான் இறால் குஞ்சும், மடவை மீன் குஞ்சும் வளரும் இடம். அந்த இடம் கெட்டால் பறவைக்கு முன்னால் பாதிக்கப்படுவது, சேற்றில் இறங்கி இறாலும் நண்டும் பிடிக்கும் பெண்கள்தான்.

இரண்டாவது, பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் காலையில் டீ, இட்லி வேண்டும். வழிகாட்ட ஆள் வேண்டும். எங்கே நின்றால் பறவை கிட்ட வரும், எந்த வரப்பில் ஏறக் கூடாது என்று உள்ளூர்ப் பெண்ணைவிட யாருக்குத் தெரியும்? கடற்கரைக் குழுக்கள் வனத்துறையோடும் ஊராட்சியோடும் பேசி இதை ஒரு சிறு தொழிலாக யோசிக்கலாம். ஆனால் எச்சில் இலையையும் பிளாஸ்டிக்கையும் கரையில் கொட்டினால் நாயும் காக்கையும் பெருகும். அவை பறவையைத் துரத்தும். பறவை போனால் பார்க்க வருகிறவரும் போய்விடுவார்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் ஊர் ஏரி, குளம், கடற்கரைக்குக் குளிர்காலத்தில் என்னென்ன பறவை வருகிறது? பெரியவர்கள் அவற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?
2. முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? ஏன்?
3. பறவைக் கறி வாங்குவதில்லை என்று நம் குழுவில் தீர்மானம் போடலாமா?
4. வரும் பொங்கலுக்கு 15 நிமிடம் ஒதுக்கிக் கணக்கெடுப்பில் சேர்வது யார் யார்?

எழுதி வந்த விவரங்களை ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். நல்ல படங்கள் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்றைக்கு ஓடிப் போய் எடுத்த படத்தை எங்கள் தங்கை அழித்துவிட்டாள். உட்கார்ந்து எடுத்த படம் இப்போது கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் இருக்கிறது. ஆறு கொசு உள்ளான்கள், ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. எல்லாம் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கின்றன.